38 — மறுபடி பார்

அவள் இறந்து ஏழாவது மாதத்தில் படிவங்கள் நிரம்பி வர ஆரம்பித்தன.

கழிவுநீர்க் குழாய்களுக்குள் காமிரா ஓட்டுவது என் வேலை. தெருவுக்கு அடியில், ஆள் நுழைய முடியாத குழாய்களில் நான்கு சக்கரம் வைத்த ஒரு சின்ன வண்டி போகும். அதன் மூக்கில் விளக்கும் காமிராவும் இருக்கும். வால் போலக் கேபிள் நீளும். நாங்கள் அதை மூஞ்சூறு என்போம். வேனுக்குள் கருப்புத் துணி கட்டிய இருட்டில் உட்கார்ந்து, திரையைப் பார்த்தபடி நான் அதை நடத்துவேன். வேனை ஓட்டுவது, இரும்பு மூடியைத் தூக்குவது, மூஞ்சூறை உள்ளே இறக்குவது எல்லாம் மச்சான். என் மனைவியின் அண்ணன்.

எங்கள் துறையில் ஒரு விதி உண்டு. காமிரா ஓட்டியவன் குழாயைச் ‘சரி’ என்று முடிக்கக் கூடாது. தான் பார்த்ததைப் படிவத்தின் இடது கட்டத்தில் எழுதலாம், அவ்வளவுதான். வலது கட்டம் இன்னொருவருக்கு. அவர் அலுவலகத்தில் உட்கார்ந்து பதிவை முழுக்க மறுபடி ஓடவிட்டுப் பார்த்து, தன் பங்குக்கு எழுத வேண்டும். இரண்டு கட்டமும் நிரம்பினால்தான் முத்திரை விழும். ஓட்டுகிறவனுக்குக் கையில் வேலை இருக்கிறது. கை அவசரப்பட்டால் கண்ணும் அவசரப்படும். அதற்காகத்தான் இந்த விதி.

ஆறு வருடம் அந்த வலது கட்டத்தை நிரப்பியவள் என் மனைவி.

முதல் மாடியின் கோடியில் ஜன்னல் இல்லாத அறை. ஒரு மேசை, ஒரு திரை, முழுக்க இறக்கி வைத்த ஒரு நாற்காலி. அவள் உயரம் அவ்வளவுதான். பென்சிலால்தான் எழுதுவாள். சந்தேகம் வந்த இடத்தின் மீட்டர் எண்ணைச் சுற்றி ஒரு பெட்டி போட்டு, பக்கத்தில் ‘மறுபடி பார்’ என்பாள். ‘டி’யின் மேல்சுழி நீண்டு அடுத்த எழுத்தின் தலையில் இடிக்கும். அப்படி எழுதினால் மறுநாள் நான் மூஞ்சூறை மறுபடி இறக்க வேண்டும். பத்தில் ஒன்பது முறை அவள் சொன்ன இடத்தில் ஏதாவது இருக்கும்.

மூஞ்சூறு உள்ளே போகும்போது நான் கண்ணை எடுக்காமல் பார்ப்பேன். திரும்பும்போது அதன் தலையைப் பின்பக்கம் திருப்பிவிட்டு, கேபிள் சுற்றிக்கொள்ளாமல் பார்ப்பதிலேயே என் கவனம் போய்விடும். பதிவு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அவள் அந்தத் திரும்பும் பகுதியைத்தான் முதலில் பார்ப்பாள்.

“போகும்போது எல்லாக் குழாயும் நல்லவன் மாதிரிதான் மூஞ்சி காட்டும். திரும்பி வரும்போதுதான் குட்டு வெளிப்படும்” என்பாள்.

அது உண்மைதான். குழாய்த் துண்டுகள் சேரும் இடத்தில் ஒரு விளிம்பு இருக்கும். அந்த விளிம்புக்குப் பின்னால் ஒரு வேர் தலைமயிர் கனத்துக்கு எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தால், முன்னால் போகிற காமிராவுக்குத் தெரியாது. அன்றைக்குக் கத்தரித்துவிட்டால் கால் மணி நேர வேலை. மூன்று வருடம் விட்டால் குழாய் முழுக்க வேராகிவிடும். பிறகு தெருவைத்தான் தோண்ட வேண்டும்.

இதை நான் உவமையாகச் சொல்லவில்லை. என் வேலையைச் சொல்கிறேன்.

அவள் போன பிறகு அந்த இடத்துக்கு யாரையும் போடவில்லை. படிவங்கள் தட்டில் சேர்ந்துகொண்டே இருந்தன. எங்கள் மேலாளருக்கு முத்திரையம்மா என்று பெயர் வைத்திருக்கிறோம். அவர் முத்திரை குத்தாமல் அலுவலகத்தில் பென்சில்கூட நகராது. “ஆள் வரும், வரும்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆள் வரவில்லை.

ஏழாவது மாதம் ஒரு திங்கட்கிழமை மாலை, தட்டில் இருந்த நான்கு படிவங்களிலும் வலது கட்டம் நிரம்பியிருந்தது. பென்சில் எழுத்து. எண்ணைச் சுற்றிப் பெட்டி. ‘மறுபடி பார்.’ சுழி அடுத்த எழுத்தின் தலையில் இடித்துக்கொண்டிருந்தது.

நான் நின்றுகொண்டே நான்கையும் படித்தேன். பழைய படிவங்களோ என்று தேதியைப் பார்த்தேன். போன வாரத் தேதிகள்.

முத்திரையம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். “பரவாயில்லையே, நீங்களே ஏற்பாடு பண்ணிட்டீங்களா?” என்றார். நான் படிவங்களை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் குத்தினார்.

மறுநாளும் வந்தது. மதியம் அலுவலகம் வந்து பதிவுகளை அனுப்பி, படிவங்களைத் தட்டில் போட்டுவிட்டுப் போவேன். மாலை ஐந்து மணிக்கு அவை நிரம்பியிருக்கும். மாடிக்குப் போய்ப் பார்த்தால் அறையில் யாரும் இருக்க மாட்டார்கள். நாற்காலி முழுக்க இறங்கியிருக்கும். திரையின் பின்பக்கம் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும்.

நான் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் நின்றுவிடும் என்று தோன்றியது. ஒரு நாள் வேண்டுமென்றே, பதினான்காம் மீட்டரில் நான் பார்த்த விரிசலை எழுதாமல் அனுப்பினேன். மாலையில் பதினான்கைச் சுற்றிப் பெட்டி போட்டிருந்தது. அன்று இரவு ஏழு மாதத்தில் முதல்முறையாக நன்றாகத் தூங்கினேன். இதைச் சொல்வதற்குக் கூச்சமாக இருக்கிறது.

வீட்டில் பெரிதாக எதையும் மாற்றவில்லை. சமையலறைச் சுவரில் அவள் பென்சிலால் கிறுக்கி வைத்த தொலைபேசி எண்கள் அப்படியே இருந்தன. கைகழுவும் தொட்டியைத்தான் மாற்றிவிட்டேன். பழைய தொட்டி நன்றாகத்தான் இருந்தது. அதன் முன்னால் நிற்க முடியவில்லை.

அந்தத் தொட்டியின் முன்னால் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவள் வந்து சொன்னாள்.

“ரத்தம் போகுதுங்க. போன வாரமும் போச்சு.”

வாயில் நுரையோடு, “மூலமா இருக்கும். நாள் பூரா உக்காந்தே வேலை பாக்கிற இல்ல? தண்ணி நிறைய குடி” என்றேன்.

“வேற யாரையாவது ஒருதடவை பாக்கச் சொல்லலாமா?”

“முப்பத்தோரு வயசுல உனக்கு என்ன வரப்போகுது?”

அவள் சிரித்தாள். கண்ணாடியில்தான் பார்த்தேன். பிறகு வேலைக்குப் போனோம். பதினான்கு மாதம் கழித்து ஒரு மருத்துவர் படத்தை விளக்கின் முன்னால் பிடித்து, “இவ்வளவு நாள் என்ன பண்ணீங்க?” என்று கேட்டார். பெருங்குடலில் தொடங்கி ஈரலுக்குப் போயிருந்தது. அதற்குப் பிறகு பத்து மாதம் இருந்தாள்.

கடைசி வாரத்தில் அந்த மருத்துவர் என்னைத் தனியே கூப்பிட்டார். “இவங்க கூடப் பிறந்தவங்க யாராவது இருக்காங்களா?” என்றார். ஒரு அண்ணன் என்றேன். “இவ்வளவு சின்ன வயசுல ஒருத்தருக்கு வந்திருக்குன்னா, கூடப் பிறந்தவருக்கும் வர வாய்ப்பு அதிகம். அவர் இப்பவே உள்ள காமிரா விட்டுப் பாத்துக்கணும். ஏதாவது பண்ணுதான்னு காத்திருக்கக் கூடாது. பண்ண ஆரம்பிச்சா பாதி நேரம் போயிருக்கும்” என்றார். ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

காரியங்கள் முடிந்த வாரமே சீட்டை மச்சானிடம் கொடுத்தேன். அவர் அதை வேனில், சூரிய வெளிச்சம் மறைக்கும் மடிப்புப் பலகையில் செருகிவைத்தார்.

“நாள் பூரா நாம ஊர்ச் சாக்கடைக்குள்ள காமிரா விடறோம். இப்ப நம்ம முறையா மாப்ள? சாக்கடை பழி வாங்குது போல.”

“சிரிக்கிற விஷயம் இல்ல மச்சான்.”

“எனக்கு ஒண்ணுமே இல்லையே. கல்லைத் தின்னாலும் செரிக்குது. வீட்டுல பொண்ணுக்குப் பரீட்சை முடியட்டும், பாக்கலாம்.”

பரீட்சை முடிந்தது. மழை வந்தது. மழைக்காலத்தில் குழாய் வேலை அதிகம். அவர் மனைவியை நான் அக்கா என்பேன். அக்கா இரண்டு முறை என்னிடம் தொலைபேசியில் பேசினார். “தம்பி, நீங்க சொன்னாத்தான் கேப்பாரு. என்னை எங்க மதிக்கறாரு? போன வருஷம் பல்லுவலின்னு நாலு நாள் கன்னத்தைப் பிடிச்சிட்டு உக்காந்திருந்தாரே தவிர, டாக்டர்கிட்ட போனாரா?” நான் சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. சொன்னால் ஒரு கேள்வி வரும் என்று பயம். அவளுக்கு எப்போது தெரியும், உனக்கு எப்போது தெரியும் என்ற கேள்வி. தொட்டியின் முன்னால் நடந்ததை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

சீட்டு மடிப்புப் பலகையில் இருந்தது. வெயில் பட்டு ஓரம் மஞ்சளானது. ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்துக்கொண்டேதான் போய்வந்தோம்.

பிறகு அந்த வியாழக்கிழமை.

அன்று மச்சான் வேலைக்கு வரவில்லை. மகள் பள்ளியில் ஏதோ கூட்டம். வேறொரு ஓட்டுநர் வந்தார். பழைய தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உள்ள சந்தில் 112ஆம் எண் குழாய். ஒரு மூடியிலிருந்து அடுத்த மூடிவரை முப்பத்தோரு மீட்டர். சுத்தமான குழாய். இடது கட்டத்தில் ‘குறை இல்லை’ என்று எழுதினேன்.

மாலையில் படிவத்தை எடுத்தேன். வலது கட்டத்தில் ஒரே ஒரு பெட்டி.

38 — மறுபடி பார்.

மீட்டர் என்று போடவில்லை. அவள் அளவு போடாமல் எண் எழுத மாட்டாள். அதைவிட, அந்தக் குழாயில் முப்பத்தெட்டு என்று ஓர் இடமே இல்லை. முப்பத்தொன்றில் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் மண்.

காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். படிகளில் இறங்கும்போது கணக்கு வந்தது. மச்சானுக்கு அடுத்த மாதம் முப்பத்தெட்டு முடிகிறது.

மறுநாள் மதிய இடைவேளையில் பதிவுகளை அனுப்பிவிட்டு, சாப்பிடப் போவதாகச் சொல்லிக் கிளம்பினேன். போகவில்லை. மாடி நடையில், பழைய வரைபடங்கள் அடுக்கியிருக்கும் அலமாரிக்குப் பின்னால் நின்றேன். எதைப் பார்க்க நிற்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. கோடி அறையின் கதவுக்குக் கீழே நீல வெளிச்சம் தெரிந்தது. உள்ளே நாற்காலி கிரீச்சிட்டது. அவள் சாய்ந்து உட்காரும்போது அதே சத்தம்தான் வரும்.

கதவைத் தள்ளினேன்.

நாற்காலியில் மச்சான் உட்கார்ந்திருந்தார். அந்த உயரத்துக்கு அவருடைய முட்டிகள் மார்பைத் தொட்டன. மூக்கு நுனியில் கண்ணாடி, மடியில் திறந்த சாப்பாட்டு டப்பா, காதில் பென்சில். திரையில் ஒரு குழாய் பின்பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது.

“ஐயோ!” என்றார். பருக்கை சிதறியது. “என்ன மாப்ள, பேய் மாதிரி வந்து நிக்கற?”

“நீங்களா?”

“பின்ன யாருன்னு நினைச்ச?”

அவர் என் முகத்தைப் பார்த்தார். டப்பாவை மூடி மேசையில் வைத்தார்.

“அந்தத் தட்டு நிறைஞ்சு வழிஞ்சுது. பாக்கச் சகிக்கல. எனக்கு இந்த வேலை தெரியும் மாப்ள. மதியத்துல இங்க வந்து அவகூடத்தான சாப்பிடுவேன். பாக்கச் சொல்லிக் கேள்வி கேப்பா. தப்பாச் சொன்னா தலையில குட்டுவா. அண்ணன்னு ஒரு மரியாதை கிடையாது.”

“கையெழுத்து…”

“என்ன கையெழுத்து?”

“அவ கையெழுத்து.”

“அது என் கையெழுத்து” என்றார் மச்சான். “நான் நாலாவது படிக்கறப்ப அவ என் நோட்டைப் பாத்துப் பாத்து எழுதித்தான் எழுத்தே பழகினா. இந்தச் சுழி நான் கண்டுபிடிச்சது. வாத்தியார்கிட்ட அடி வாங்கினது நான், பேர் வாங்கினது அவ.”

திரையில் குழாய் நகர்ந்துகொண்டே இருந்தது. எனக்கு வருத்தமும் இல்லை, ஏமாற்றமும் இல்லை. எதுவுமே இல்லை. உட்கார இன்னொரு நாற்காலி இல்லாததால் தரையில் உட்கார்ந்தேன். சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன்.

“இதை ஏன் இப்படி எழுதினீங்க? இந்தக் குழாய் முப்பத்தோரு மீட்டர்தான்.”

கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி படித்தார்.

“நான் எழுதலையே.”

“விளையாடாதீங்க.”

“நேத்து நான் வரவே இல்லையே மாப்ள. பிள்ளையோட பள்ளிக்கூடத்துல சாயங்காலம் வரைக்கும் உக்கார வெச்சிட்டாங்க.”

அது எனக்கும் தெரியும். நேற்று அந்த வேறு ஓட்டுநர் வேனைச் சந்துச் சுவரில் உரசியது நினைவிருக்கிறது.

“அப்ப நீ எழுதியிருப்ப” என்றார்.

நானும் அதை யோசித்திருந்தேன். ஏழு மாதமாக நான் செய்வதில் பாதி எனக்கு நினைவில் இருப்பதில்லை. அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கப் பாதி வழியில் திரும்பியிருக்கிறேன். ஆனால் நேற்று மதியம் படிவத்தைத் தட்டில் போட்டுவிட்டுத் திரும்பிப் போய், நான்கரை மணிவரை நான் சந்தில் இருந்தேன். ஐந்து மணிக்குப் படிவம் நிரம்பியிருந்தது.

மச்சான் அசையாமல் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காதிலிருந்து பென்சிலை எடுத்தார். ஒரு துண்டுத்தாளில் 38 என்று எழுதினார். என்னிடம் கொடுத்து, “நீயும் எழுது” என்றார். எழுதினேன். மூன்றையும் மேசை விளக்கின் கீழே வரிசையாக வைத்தார்.

அவருடைய எட்டு ஒரே இழுப்பில் சுழித்திருந்தது. என்னுடையதும் அப்படித்தான். படிவத்தில் இருந்த எட்டு அப்படி இல்லை. ஒரு பூஜ்யம், அதன் தலையில் இன்னொரு பூஜ்யம். இரண்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி.

“எட்டு மட்டும் அவளுக்கு வரவே வராது” என்றார் மச்சான். குரல் இறங்கியிருந்தது. “எவ்வளவோ சொல்லிக்கொடுத்தேன். ‘நான் முட்டை மேல முட்டை வெச்சுக்கறேன், உனக்கென்ன?’ன்னு கேப்பா.”

எங்கள் சமையலறைச் சுவர் எனக்கு நினைவு வந்தது. எரிவாயுக்காரர் எண்ணில் மூன்று எட்டுகள். முட்டை மேல் முட்டை.

தட்டில் இருந்த மற்றப் படிவங்களை எடுத்துப் பார்த்தோம். இந்த மூன்று வாரத்தில் மச்சான் எழுதியவை. பதினெட்டு, எட்டு, இருபத்தெட்டு. எல்லாம் ஒரே இழுப்பு.

அறைக்குள் குளிர்சாதனம் கிடையாது. ஆனாலும் அவர் கையில் மயிர் குத்திட்டு நின்றது. சிரிக்கப் பார்த்தார். “பழைய படிவம் ஏதாவது கலந்திருக்கும்” என்றார். இடது கட்டத்தில் என் எழுத்தில் நேற்றைய தேதி இருந்தது. அவரும் பார்த்தார்.

“அடுத்த மாசம் உங்களுக்கு முப்பத்தெட்டு” என்றேன்.

“வாயைக் கழுவு.”

“மச்சான், அந்தச் சீட்டு எட்டு மாசமா பலகையில இருக்கு.”

“எனக்கு ஒண்ணும் இல்லைன்னு சொன்னேன்ல?”

“ஒண்ணும் இல்லாதப்பதான் பாக்கணும்.”

“யாரு சொன்னா, நீயா? பெரிய டாக்டரு.”

அப்போதுதான் சொன்னேன். திட்டமிட்டுச் சொல்லவில்லை. தரையைப் பார்த்தபடி தொட்டியையும், பல்துலக்கியையும், வாயில் இருந்த நுரையையும் சொன்னேன். அவள் வேறு யாரையாவது பார்க்கச் சொல்லலாமா என்று கேட்டதையும், நான் சொன்ன பதிலையும் சொன்னேன்.

“நான் ஒருத்தனே பாத்தேன். பாக்கக்கூட இல்ல. சரின்னு எழுதிட்டேன். ரெண்டாவது கட்டத்தைக் காலியா விட்டுட்டேன். பதினாலு மாசம்.”

மச்சான் எழுந்தார். நாற்காலி கிரீச்சிட்டது. என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கீழே வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. நான் இல்லாமலே போய்விட்டார்.

இரண்டு நாள் பேசவில்லை. மூடியைத் தூக்கினார், மூஞ்சூறை இறக்கினார், கயிற்றைச் சுருட்டினார். டீ வாங்கி வந்தால் தனக்கு மட்டும் வாங்கினார். அந்த இரண்டு நாளும் வலது கட்டங்கள் காலியாகவே இருந்தன.

மூன்றாம் நாள் காலை நான் வேனில் ஏறினேன். மடிப்புப் பலகையில் சீட்டு இல்லை.

“செவ்வாய்க்கிழமைக்கு வரச் சொல்லியிருக்காங்க” என்றார், சாலையைப் பார்த்தபடியே. “கூட ஒரு ஆள் வரணுமாம். மயக்கம் தெளிஞ்சப்புறம் கூட்டிட்டுப் போக. உங்க அக்காவுக்கு அன்னைக்கு லீவு கிடைக்காது.”

“நான் வரேன்.”

“வராம? நீதான என்னை இதுல மாட்டிவிட்ட?” பற்களைக் கடித்தார். “உன்னை நான் மன்னிக்கல மாப்ள. அதையும் சொல்லிடறேன். அவ என்கிட்டயும் சொல்லியிருக்கலாம்ல? மதியம் மதியம் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டனே. நானும் கேக்கல. தட்டுல பாதி வெச்சிட்டு எழுந்திருப்பா. ‘டயட்டா?’ன்னு கிண்டல் பண்ணேன்.”

அடுத்த மூடி வந்தபோது எனக்கும் ஒரு டீ வாங்கினார்.

முந்தின நாள் திட உணவு கூடாது. குடலைக் கழுவ ஒரு மருந்துநீர் கொடுத்திருந்தார்கள். மணிக்கு ஒரு தரம் மச்சான் தொலைபேசியில் அழைத்தார். “மாப்ள, இது மருந்து இல்ல, வெள்ளம். நாம அதிக அழுத்தத்துல தண்ணி அடிச்சுக் குழாய் கழுவுவோமே, அந்தப் பாவத்துக்கு அனுபவிக்கறேன்.” கடைசி அழைப்பில் சிரிப்பு இல்லை. “பயமா இருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மருத்துவமனையில் வெளிர்பச்சைச் சுவர். மச்சானுக்கு முதுகுப்பக்கம் திறந்த அங்கி கொடுத்தார்கள். அதைக் கையால் பிடித்துக்கொண்டே உள்ளே போனார். கதவில் சின்னக் கண்ணாடி இருந்தது. பார்க்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன். பார்த்தேன். இருட்டு அறையில் ஒருவர் நின்றபடி கையில் கேபிளைப் பிடித்துத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் ஈரமான, இளஞ்சிவப்பான, விளிம்பு விளிம்பாகப் போகும் ஒரு குழாய். வெளிச்சம் போகும் தூரத்துக்கு அப்பால் வட்டமாக ஒரு கருப்பு. நான் வாழ்நாளில் ஆயிரம் முறை பார்த்த படம் அது. அவளுக்குள் நேரத்தோடு பார்க்க யாருக்கும் தோன்றாத படம்.

உட்கார்ந்துவிட்டேன். முக்கால் மணி நேரம் ஆனது.

மருத்துவர் இளம்பெண். முகக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே வந்தார்.

“நீங்க?”

“தங்கச்சி வீட்டுக்காரர்.”

“ஒண்ணு இருந்துச்சு. பாலிப்னு சொல்லுவோம். உள்சுவர்ல முளைச்ச ஒரு சின்னக் கட்டி, ஒன்றரை சென்டிமீட்டர். அங்கேயே எடுத்துட்டோம். பரிசோதனைக்கு அனுப்பியிருக்கு. அவருக்கு வலியே இருந்திருக்காது. இன்னும் ரெண்டு மூணு வருஷம் ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது.”

“தெரிஞ்சப்புறம் வந்திருந்தா?”

அவர் கையிலிருந்த கோப்பைப் பார்த்தார். தங்கச்சிக்கு என்ன ஆனது என்று அதில் எழுதியிருக்கும்.

“போகும்போது எங்களுக்கே தெரியல” என்றார். “குடல்ல மடிப்பு மடிப்பா இருக்கும். அதுல ஒண்ணுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருந்துச்சு. நாங்க போகும்போது வேகமாப் போயிடுவோம். திரும்பி வரும்போதுதான் நிதானமாப் பாப்போம். அப்பதான் கண்ணுல பட்டுச்சு.”

“திரும்பி வரும்போதா?” என்று மறுபடி கேட்டேன். அவர் ஆமாம் என்றார்.

அறிக்கையைக் கொடுத்தார்கள். இரண்டு வண்ணப் படங்கள். மடிப்பின் பின்னால் காளான் குடை போல ஒன்று. பக்கத்துப் படத்தில் அது இல்லை. வெட்டிய இடம் மட்டும். கீழே அச்சு எழுத்தில் இருந்தது: இடம், பெருங்குடலின் இடப்பக்கம். தூரம், ஆசனவாயிலிலிருந்து 38 செ.மீ.

நீண்ட நேரம் அதைப் படித்தேன். முதலில் வயது என்று நினைத்தோம். நாங்கள் இருவருமே அளவு என்ன என்று யோசிக்கவில்லை.

மச்சான் மயக்கம் தெளிந்து, கட்டில் ஓரத்தில் சட்டைப் பொத்தானைத் தப்புத் தப்பாகப் போட்டுக்கொண்டிருந்தார். “என்ன எழுதியிருக்கு? வேரா, விரிசலா?” என்றார்.

“வேர். எடுத்தாச்சு.”

“காட்டு.”

காட்டினேன். அவர் எண்ணைத் தொட்டார். விரல் அங்கேயே நின்றது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு, அந்தத் தப்புப் பொத்தான் சட்டையோடு அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. அவர் முதுகில் கை வைத்தேன். கழற்றிய அங்கி கட்டில்மேல் கிடந்தது.

ஒரு வாரத்தில் முடிவு வந்தது. இன்னும் புற்றாகவில்லை. ஆகத் தொடங்கியிருந்தது. முழுக்க எடுக்கப்பட்டுவிட்டது. மூன்று வருடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். மகளும் பெரியவளானதும் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்த வயதில் என்பதை மருத்துவரே கோப்பில் எழுதி வைத்தார். மச்சானை வீட்டில் ஓய்வெடுக்கச் சொல்லி அக்கா சாவியை ஒளித்துவைத்துவிட்டார்.

அன்று நான் தனியாக அலுவலகம் போனேன். அந்த 112ஆம் எண் படிவம் என்னிடமே இருந்தது. ‘மறுபடி பார்’ என்று வந்தால், பார்த்த பிறகு கீழ்வரியில் முடிவை எழுதி, வலது கட்டத்துக்கு உரியவரிடமே திருப்பித் தர வேண்டும். அவர் சரிபார்த்துக் குறி போட்டால்தான் அந்தப் படிவம் முடியும். அதுவும் விதிதான். நான் விதிப்படி எழுதினேன்.

‘38 செ.மீ. மறுபடி பார்த்தாயிற்று. இருந்தது. எடுத்தாயிற்று.’

தேதி போட்டேன். கோடி அறையில் மேசைமேல் வைத்தேன். பக்கத்தில் பென்சிலையும் வைத்தேன். நாற்காலியை நகர்த்தவில்லை. கதவைப் பூட்டிச் சாவியை முத்திரையம்மாவிடம் கொடுத்தேன். அவர் அதைத் தன் மேசை இழுப்பறையில் போட்டு, என் கண்ணெதிரிலேயே பூட்டினார்.

மாலை ஐந்து மணிக்குச் சாவி வாங்கி மேலே போனேன். காகிதம் வைத்த இடத்திலேயே இருந்தது. நான் எழுதியதற்குக் கீழே, வலது ஓரத்தில், பென்சிலால் ஒரு சின்னக் குறி. சரி.

திரையின் பின்பக்கம் கை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

மச்சான் அன்று வீட்டில் இருந்தார்.